வடகடல் நாடுகளில் எம் விடுதி வாசம்

எம் நாட்டில் ‘ஹோட்டல்’ என்றதும் தோசையும் வடையும் கிடைக்குமிடமே பலருடைய நினைவுக்கு வரும். வழிப்போக்கர் இராத் தங்குமிடங்களுக்கு மடம், சத்திரம், வாடிவீடு என வேறு பெயர்களை வைத்திருக்கிறோம். வாடிவீடுகளிலே தங்கிப் பழகிய பெரியோர் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். வண்டி முற்றத்தில் நின்றதும் காவற்காரன் ஓடிவந்து பெட்டியைத் தூக்குவான். விறாந்தையிற் சாய்வு கதிரை காத்திருக்கும். “ஐயா இரவைக்கு என்ன சாப்பிடுவியள்?” என்ற கேள்வி முகங்கழுவு முன்னரே வந்துவிடும். விருந்தோம்பலுக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆகவே அதில் எம்மை விஞ்சியவர் எவருமிலர் என்ற பெருமிதமும் எம்முள் இல்லாமற் போகவில்லை. இந்தப் பெருமிதத்தையும் ஒரு பெட்டியையும் சுமந்துகொண்டே ஆனி மாதப் பிற்பகுதியில் ஸ்கண்டிநேவிய நாடுகளுக்குச் சென்றோம். பெட்டியைத் தூக்குவதற்கு ஓரிடத்திலும் ஒருவரும் வரவில்லை.

மாணவர்களின் பொருட்டு ஒரு சொல். டென்மார்க், நோர்வே, சுவீடன் ஆகிய மூன்றுமே ஸ்கண்டிநேவியா என்ற பெயருக்கு உரியவை. பின்லாந்தை அவற்றோடு சேர்த்துப் பேசுவது பொதுவழக்கு. ஆயினும் அதன் மொழி வேறு இனத்தது. மூன்று நாடுகளிலும் நாணயத்தின் பெயர் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் ஒரு நாட்டுக் குரோனர் மற்றைய நாட்டிற் செல்லாது. 1873ஆம் ஆண்டிலே டென்மார்க்கும் சுவீடனும், 1875இல் நோர்வேயும் சேர்ந்து நாணய ஒன்றியம் ஒன்றை அமைத்திருந்தன. முதலாம் உலகப் போரோடு அது குலைந்துபோயிற்று. குலைந்ததன் தொல்லை இன்று எம் போன்ற வழிப்போக்கரின் தலையிலே விழுகின்றது. கொப்பன்ஹேகனில் முதல் நாள் அறை வாடகையை இலங்கை ரூபாவிற் பெருக்கிப் பார்த்தோம். அதன்பின் பெருக்குவதையே நிறுத்திவிட்டோம். பல்லாண்டுச் சேமிப்பின் பயணம் அது. நாள்தோறும் பெருக்கிக்கொண்டிருந்தால் நித்திரை ஏது?

கொப்பன்ஹேகனில் நாம் தங்கிய விடுதி மத்திய புகையிரத நிலையத்துக்கு அண்மையில் இருந்தது. அறை மிகச் சிறிது. கட்டிலுக்கும் சுவருக்குமிடையே ஒருக்களித்துத்தான் நடக்கலாம். ஆனால் அந்தச் சிறிய இடத்தில் ஒரு பொருளாவது அழகில்லாததாக இருக்கவில்லை. சட்டை கொழுவும் முளைமுதல் மேசைவிளக்கு வரை எல்லாம் யாரோ ஒருவர் நெடுநேரம் சிந்தித்துச் செய்தவைபோலத் தோன்றின. குளிக்குமறையிற் கைபிடி பூட்டிய இறப்பர்த் துடைப்பம் ஒன்று தொங்கியது. எதற்கென்று புரியாமல் நின்றோம்; குளித்தபின் தரையில் நிற்கும் நீரைக் குளித்தவரே வழித்துவிட வேண்டுமாம். விருந்தினனைக் கொண்டு தரை துடைப்பிக்கும் நாடு இதுவென்று முகஞ்சுளித்தோம். ஆயினும் துடைத்தோம்.

தனியே சென்ற எமக்கும் இருவர்க்குரிய கட்டிலே கிடைத்தது. அதன்மேல் தூவி நிரப்பிய போர்வைகள் இரண்டு தனித்தனியே மடித்து வைக்கப்பட்டிருந்தன. கணவனும் மனைவியும் ஒரே கட்டிலிற் படுத்தாலும் ஆளுக்கொரு போர்வை என்பது இந்நாடுகளின் வழக்கம். நள்ளிரவிற் போர்வையை இழுத்துச் சண்டையிட வேண்டியதில்லை என்பது அவர்கள் கூறும் நியாயம். இதிலுள்ள நுட்பத்தைக் குடும்பஸ்தரான வாசகர்களின் தீர்ப்புக்கே விடுகின்றோம்.

அந்நகரின் பொருள்கள் ஏன் இத்துணை அழகு என்பதற்கு விடை அதே புகையிரத நிலையத்துக்கு எதிரே நிற்கின்றது. ஆர்ண யாக்கொப்சன் என்னும் கட்டடக்கலைஞர் ஸ்கண்டிநேவிய விமானச் சேவைக்காக அமைத்த எஸ்.ஏ.எஸ். றோயல் ஹோட்டல் 1960ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கட்டடத்தை மட்டுமன்றிக் கதிரை, விளக்கு, கதவின் கைப்பிடி, உண்ணுங் கரண்டி வரை அவரே வரைந்தார். ‘முட்டை’ என்றும் ‘அன்னம்’ என்றும் பெயர்பெற்று உலகெங்கும் பரவிய கதிரைகள் இந்த ஹோட்டலுக்கென்றே பிறந்தவை. 606ஆம் இலக்க அறையை மட்டும் அன்றிருந்தபடியே பேணி வைத்துள்ளனர். அதிலே தங்க எமக்கு வசதியில்லை. கீழ்க்கூடத்தில் ‘முட்டை’யில் ஒன்றினுள் சற்றே அமர்ந்து பார்த்தோம். முதுகும் தலையும் மறையத் தழுவிக்கொள்கின்றது. அருகில் ஆளிருப்பதே தெரிவதில்லை. எழுந்து செல்லுமாறு எவரும் சொல்லவில்லை. யார் என்று கேட்கவும் இல்லை.

கொப்பன்ஹேகனிலிருந்து ஒஸ்லோவுக்குக் கப்பலில் ஓர் இரவு. அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை, நித்திரையாகிவிட்டோம்.

ஒஸ்லோவில் நாம் தங்கியது ‘பொண்டஹைமன்’ என்னும் விடுதி. ‘குடியானவர் இல்லம்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். இதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தலைநகரில் வாழ்ந்த நாட்டுப்புற இளைஞர்கள் 1899ஆம் ஆண்டு ஒரு சங்கம் அமைத்தனர். நகரத்தார் பேச்சையும் எழுத்தையும் உயர்ந்தவையெனக் கருதிக் கிராமத்து மொழியை எள்ளிய காலம் அது. கிராமியப் பேச்சுவழக்குகளை ஆராய்ந்து ஈவார் ஓசன் என்பவர் உருவாக்கிய எழுத்துமொழியே இன்று ‘நீநொர்ஸ்க்’, அதாவது புது நோர்வேஜியம், என வழங்குகின்றது. அம்மொழியைத் தலைநகரிலே தலைநிமிரச் செய்வது சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. 1901இற் சங்கத்தார் ஒரு கோப்பிச்சாலை திறந்தனர். 1913இல் அலுவலாக நகருக்கு வரும் கமக்காரர் குறைந்த செலவில், மதுவின் தொல்லையின்றித் தங்குவதற்கு இந்த விடுதியை ஏற்படுத்தினர். உத்தியோகம் பார்க்கக் கொழும்புக்குச் சென்ற எம்மவர், ஊர்ச் சாப்பாடும் ஊர்ப்பேச்சும் வேண்டிப் பலர் கூடி வீடெடுத்து வாழ்ந்த ‘சமரி’கள் எம் நினைவுக்கு வந்தன. எம்மவருடைய சமரிகள் பெரும்பாலும் கலைந்துவிட்டன. இவர்களுடையது நூறாண்டு கடந்து நிற்கின்றது.

கீழே அந்தக் கோப்பிச்சாலை இன்னும் நடக்கின்றது. மாமிசம் உண்ணாத எமக்கு அங்கே ஒரு பெரும் ஆறுதல் வாய்த்தது. புளித்த பாலாடையை மாவோடு காய்ச்சிய தடித்த கஞ்சி. மேலே உருகிய வெண்ணெய், சீனி, கறுவாத்தூள். முதல் வாயிற் புளித்தது. மூன்றாம் வாயிற் பழகியது. கோப்பை வெறுமையானபோது இன்னொன்று கேட்கலாமா என்று யோசித்தோம். காலைமேசையிற் கிடைத்த மண்ணிறப் பாற்கட்டியையும் குறிப்பிட வேண்டும். பாற்கட்டி எடுத்தபின் எஞ்சும் நீரை வற்றக் காய்ச்சி, அதிலுள்ள இனிப்புக் கருகிச் சிவக்கும்வரை கிண்டிச் செய்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தின்றால் உப்புப் போட்ட பால்கோவா!

பணக்காரர் ஹோட்டலையும் வெளியில் நின்று பார்த்தோம். கார்ல் யூகான் வீதியிலுள்ள கிராண்ட் ஹோட்டல் 1874இற் கட்டப்பெற்றது. நாடகாசிரியர் இப்சன் முதுமையில் நாள்தோறும் இதன் கோப்பிச்சாலைக்கு வந்து அமர்வாராம். சமாதானத்துக்கான நோபெல் பரிசு பெறுவோர் இங்கேதான் தங்குவர். மார்கழி 10ஆந் திகதி மாலையில் தீப்பந்தம் ஏந்தி வரும் மக்களுக்கு மேன்மாடத்தில் நின்று கையசைப்பர். நாம் சென்றபோது மேன்மாடத்தில் எவருமில்லை. புறாக்கள் இருந்தன.

ஒஸ்லோவிலிருந்து பேர்கன் நகருக்குப் புகையிரதத்தில் ஏறத்தாழ ஏழு மணிநேரம். 1909இல் திறக்கப்பட்ட இப்பாதை பின்ச என்னும் நிலையத்தில் 1,222 மீற்றர் உயரத்தை அடைகின்றது. ஆனி மாதத்திலும் அங்கே வெண்பனி கிடந்தது. மலையிறங்கிப் பேர்கனை அடைந்தால் மழை. ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேலே பொழியும் நகரம் அது. யாழ்ப்பாணத்திற் பெய்வது ஏறத்தாழ அதன் பாதியே. கடல்முகத்திலே ‘புறுக்கன்’ என்னும் மரவீடுகள் ஒன்றையொன்று சாய்ந்துகொண்டு நிற்கின்றன. ஜேர்மன் தேசத்து ஹன்சா வணிகர் நெடுங்காலம் தங்கி உலர்மீன் வணிகம் நடத்திய இடம் இது. 1702ஆம் ஆண்டுத் தீயில் எரிந்தபின் பழைய முறையிலேயே மீளக் கட்டினர். 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிற் சேர்ந்தது. தீக்கு அஞ்சி இவ்வீடுகளில் அடுப்பெரிப்பதை விலக்கியிருந்தனர். வணிகரும் வேலை பழகும் இளைஞரும் குளிரிலும் இருட்டிலும் உறங்கி, குளிர்காயவும் சூடாக உண்ணவும் பின்புறத்தில் தனியே அமைந்த பொதுமண்டபத்துக்குச் செல்வராம். பெட்டிபோன்ற படுக்கைகளில் அந்த இளைஞர் முடங்கிக் கிடந்ததை எண்ணியபின் எம் சிறிய அறையைப்பற்றிக் குறைசொல்ல வாய் வரவில்லை.

அறை மலைச்சரிவில் ஒரு பழைய மரவீட்டில் இருந்தது. அடுத்த நாட் காலை உணவுக்கூடத்தில் வழக்கம்போல மீனை விலக்கி, கீரை, தக்காளி, பாண் என்று தேர்ந்துகொண்டிருந்தோம். பற்பசைக் குழாய்போல ஒன்று மேசையிற் கிடந்தது. இளஞ்சிவப்பான பசை. தக்காளிச் சாறென்று கருதிப் பாணிற் பிதுக்கப் போனோம்.

“ஐயா, அது மீன்சினை! தொடாதேங்கோ!”

திடுக்கிட்டுத் திரும்பினோம். பாண் தட்டை ஏந்தியபடி ஒரு பெண் நின்றார். கொட் மீனின் சினையைப் புகையூட்டி அரைத்த பசையாம் அது. இந்நாட்டுப் பிள்ளைகள் பாணிற் பூசித் தின்பார்களாம். எம் நெற்றியிலிருந்த திருநீற்றைக் கண்டுதான் கூவினாராம்.

“ஐயா ஊரிலை எவடம்?” என்றார். சொன்னோம். ஆசிரியத் தொழில் என்றதும் ஐயா சேராக மாறினார். அவருடைய தகப்பனார் எண்பதுகளில் நோர்வேக்கு வந்து, வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்தில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலைசெய்தவர். அக்காலத்தில் எம்மவர் பலர் அப்படித்தான் தொடங்கினர். தான் ஊரைப் பார்த்தது இரண்டே முறை என்றார். ஆனால் அவர் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது.

அன்று பிற்பகல் மாடிப்படியில் மீண்டும் அவரைக் கண்டோம். படுக்கை விரிப்புகளைச் சுமந்துகொண்டு இறங்கினார். மறுநாட் கணக்குத் தீர்க்கச் சென்றபோது வரவேற்பு மேசையிற் கணினியின் முன்னும் அவரே இருந்தார்.

“தங்கச்சி, இந்த விடுதியிலை நீர் என்ன உத்தியோகம்?” என்று கேட்டேவிட்டோம்.

“நான்தான் சேர் மனேச்சர். இஞ்சை எல்லாரும் எல்லா வேலையும் செய்வினம். பெட்டிதான் தூக்கமாட்டம், அது உங்கடை பெட்டி” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு பெட்டியைப்பற்றிய எம் மனத்தாங்கலிற் பாதி கரைந்தது. வாடிவீட்டுக் காவற்காரன் எம்மோடு ஒரே கதிரையில் இருந்ததுண்டா? அவனுடைய பெயரையேனும் நாம் கேட்டோமா? எம் விருந்தோம்பலிற் பெரும்பங்கு அவன் முதுகின்மேலேதான் நடந்திருக்கின்றது. இது அந்தப் படியிலே நின்றபோது தோன்றியது, முன்னர் தோன்றியதில்லை.

புறப்படும்போது அவர் எண்ணெய்க் கடதாசித் தாள்கள் சிலவற்றை நீட்டினார். நோர்வேயிற் பள்ளிப்பிள்ளைமுதல் அமைச்சர் வரை காலையிற் பாண்துண்டுகளைத் தாளிற் சுற்றி மதிய உணவாகக் கொண்டுசெல்வது வழக்கம். எம்முடைய கட்டுச்சோற்றின் தங்கை என்று சொல்லலாம். மண்ணிறப் பாற்கட்டியும் பாணுமாக நாமே சுற்றிக்கொண்டோம். பின்ச நிலையத்து வெண்பனியைப் பார்த்தபடி அதனை அவிழ்த்தபோது, நாம் வைக்காத இரண்டு வாழைப்பழங்களும் அதே பையினுள் இருந்தன.

மலையேறி மீண்டும் ஒஸ்லோ வந்து, அங்கிருந்து வேறு புகையிரதத்தில் ஸ்டொக்ஹோம் சென்றோம். ஐரோப்பாவில் முதன்முதலாக 1661இற் கடதாசி நாணயம் வெளியிட்டது இந்நகரத்து வங்கியொன்றே. இன்றோ கடதாசிக் காசை நீட்டினால் ஏதோ தொல்பொருளைக் கண்டவர்போலப் பார்க்கின்றனர். நாம் முதலிரு நாள் தங்கிய விடுதியிற் காசு மட்டுமன்று, ஆளும் இல்லை. பகலிற் சில மணிநேரம் ஒருவர் வருவார். மற்றைய வேளையில் வாயிலை இலக்கம் அமுக்கித் திறக்க வேண்டும். அறைக்குத் திறப்பு ஓர் அட்டை. மலிவுக்காக நாமே தேர்ந்துகொண்ட விடுதி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் இரவு பதினொரு மணியிருக்கும். வானத்தில் வெளிச்சம் முற்றாக மறையவில்லை. சாரமும் பனியனுமாக, வெறுங்காலோடு, நடைவழியின் கோடியில் வைத்திருந்த இயந்திரத்தில் வெந்நீர் எடுக்கப் போனோம். நாலடி வைத்திருப்போம், முதுகுக்குப் பின்னே ‘டொக்’ என்றொரு சத்தம். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அட்டை உள்ளே. கைத்தொலைபேசி உள்ளே. மூக்குக்கண்ணாடியும் உள்ளே.

கீழே இறங்கினோம். வரவேற்பு மேசையில் ஓர் அறிவித்தல்: அவசரமாயின் இன்ன இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கவும். எதைக்கொண்டு எடுப்பது? தெருவுக்குப் போகலாமென்றால் சாரத்தோடு எப்படிப் போவது? வகுப்பில் ஒரு பார்வையால் முப்பது பிள்ளைகளை அடக்கும் நாம், கையில் வெறுங்கோப்பையோடு, கண்ணாடிக் கதவினூடே தெருவைப் பார்த்தபடி அந்த அழகான கூடத்தில் ஒன்றரை மணிநேரம் அமர்ந்திருந்தோம். குளிர்ந்தது. மார்பு இலேசாகப் பிடித்துக்கொண்டதுபோலவும் இருந்தது. பயமே அதற்குக் காரணமென்று பின்னர் தெளிந்தோம். அவ்வேளையில் அது தெரியவில்லை. இங்கே ஒரு மனிதன் விழுந்தால் விடியும்வரை யாருக்குத் தெரியும் என்ற எண்ணமே திரும்பத் திரும்ப வந்தது. வாடிவீட்டு வாயிலிற் குறட்டைவிடும் காவற்காரனை அன்றைப்போல நாம் என்றுமே விரும்பியதில்லை.

பன்னிரண்டரை மணியளவில் ஓர் இளைஞன் உள்ளே வந்தான். எம் கோலத்தைக் கண்டும் முகத்தில் வியப்புக் காட்டவில்லை. தன் தொலைபேசியைத் தந்தான். எங்கோ தொலைவிலிருந்து ஒரு குரல் எம் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டு, சுவரிலிருந்த சிறு பெட்டியைத் திறக்கும் இலக்கத்தைச் சொல்லிற்று. உள்ளே வேறோர் அட்டை. கண்ணாடியின்றி எமக்கு எழுத்துத் தெரியாமையால் இலக்கத்தையும் அவனே அமுக்கினான். மாடிவரை கூடவந்து, எம் கதவு திறக்கும்வரை நின்று, ஒரு சொல்லும் பேசாமல் தன் அறைக்குப் போனான்.

குற்றம் எம்முடையதே. ஆயினும் ஒரு நாட்டு விடுதியில் இரவிற் கண்விழித்திருக்க ஒரு மனிதரை அமர்த்துவது வீண்செலவென்று கணக்கிட்டவர் எவராயினும், அவர் கணக்கில் ஏதோ தவறியிருக்கின்றது என்பதே எம் துணிபு. பேர்கனில் வேலைகள் யாவும் மனிதரிடம் இருந்தன. இங்கே மனிதரின் வேலையே இல்லை. இரண்டையும் ‘தன் கையே தனக்குதவி’ என்று ஒரே பெயரால் அழைப்பது பொருந்தாது.

அங்கேயும் 1874ஆம் ஆண்டிலே திறந்த ஒரு கிராண்ட் ஹோட்டல் அரண்மனையை நோக்கி நிற்கின்றது. 1901 முதல் நோபெல் பரிசு பெறுவோர் தங்கும் இடம் அது. தமிழர் மூவர், 1930இற் சி. வி. இராமன், 1983இற் சந்திரசேகர், 2009இல் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், அப்பரிசுக்காக இந்நகருக்கு வந்தனர் என்பதைப் பிள்ளைகள் குறித்துக்கொள்க. அருகிலுள்ள தீவின் கரையில் 1888இற் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று 1949 முதல் இளைஞர் விடுதியாக மிதக்கின்றது.

எம் கடைசி இரவை நாம் கழித்தது சிறையில். லோங்ஹொல்மன் என்னும் தீவிலிருந்த சிறைச்சாலை 1975இல் மூடப்பட்டு, 1989இல் விடுதியாயிற்று. சுவீடனின் கடைசி மரணதண்டனை 1910இல் இங்கேதான் நிறைவேறியது. அறைகள் அதே சிற்றறைகள். தடித்த சுவர், உயரத்தில் யன்னல். பாயில் உட்கார்ந்து அண்ணாந்தால் மட்டும் வானம் தெரிந்தது. வரவேற்பு மேசையில் ஒரு மூதாட்டியார் இருந்தார். இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் ஆளிருக்குமா என்பதே நாம் கேட்ட முதற் கேள்வி. “சிறையல்லவா? காவல் இல்லாமல் இருக்குமா?” என்று ஆங்கிலத்திற் பதில் வந்தது. பயணத்தின் மிக நல்ல நித்திரை அங்கேதான் கிட்டியது.

காலையில் அறையைவிட்டு வெளியேறுமுன் அட்டை சட்டைப்பையில் இருக்கின்றதாவென்று இருமுறை தடவிப் பார்த்தோம். இப்போது யாழ்ப்பாணத்தில், பகல் முழுவதும் திறந்தே கிடக்கும் எம் வீட்டு வாயிலைத் தாண்டும்போதும் கை தானாகவே சட்டைப்பைக்குப் போகின்றது. வீட்டார் சிரிக்கிறார்கள்.